பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது யார்?

கைபேசியில் சார்ஜ் தீர்ந்தால் சுவரில் இருக்கும் பிளக்கில் மாட்டுகிறோம். காரிலும் ஒரு பேட்டரி இருக்கிறது. அதை யாராவது தினமும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இருக்காது. ஆனாலும் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. காலையில் இன்ஜினைக் கிளப்புகிறது. ஹாரன் அடிக்க, வைப்பர் ஆட, இரவில் விளக்கு எரிய, பாட்டுக் கேட்க என எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் தீரத் தீர அதை நிரப்புவது யார்?

காரின் பானட்டைத் திறந்தால் இன்ஜினை ஒட்டி ஒரு பெல்ட் ஓடுவது தெரியும். அந்த பெல்ட்டில் மாட்டிக்கொண்டு சுற்றும் பாகங்களில் ஒன்று, பக்கவாட்டில் நிறைய இடைவெளிகள் விட்ட அலுமினியக் கூடு. எடை நான்கைந்து கிலோ இருக்கும். அதன் பெயர் ஆல்டர்னேட்டர். ஒர்க் ஷாப்பில் அண்ணன்மார்கள் இன்றும் அதை டைனமோ என்றுதான் சொல்வார்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்றுகிறது, அது மின்சாரம் உண்டாக்குகிறது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு, ஹாரன், பாட்டு எல்லாமே இந்த ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில்தான் நடக்கின்றன. பேட்டரிக்கு முக்கியமான வேலை, சாவியைத் திருப்பும் அந்த ஓரிரு விநாடிதான். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிட 100 ஆம்பியருக்கும் அதிகமான மின்னோட்டத்தை இழுக்கும். அதைக் கொடுத்துவிட்டால் பேட்டரி வாங்கும் பக்கம் வந்துவிடுகிறது. கொடுத்ததைத் திரும்ப நிரப்பிக்கொள்ள ஆரம்பிக்கிறது.

ஆல்டர்னேட்டர் பழுதாகிவிட்டால் கார் உடனே நின்றுவிடாது. பேட்டரியில் இருப்பதைக் கொண்டு கொஞ்ச தூரம் ஓடும். சின்னக் காரின் பேட்டரியில் 35 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். இரவில் விளக்குகளும் மற்றவையும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 35ஐ 20ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். உண்மையில் அதற்கு முன்பே விளக்கு மங்கி, இன்ஜின் இருமி, வண்டி சாலையோரம் நின்றுவிடும்.

இதை முன்கூட்டியே சொல்லத்தான் ஓட்டுநர் முன்னால் பேட்டரி படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் எரியும், இன்ஜின் கிளம்பியதும் அணையும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். பேட்டரி படம் இருப்பதால் பலர் பேட்டரியைத்தான் சந்தேகிக்கிறார்கள். புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு, அதுவும் மறுநாள் தீர்ந்துபோய்த் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

பழைய கார்களில் அந்த விளக்கு இணைக்கப்பட்டிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கின் ஒரு முனை பேட்டரியில் இருக்கிறது, மறுமுனை ஆல்டர்னேட்டரில். சாவியைத் திருப்பியும் இன்ஜின் இன்னும் கிளம்பாதபோது ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை. அதனால் விளக்கு வழியாக மின்சாரம் பாய்கிறது, விளக்கு எரிகிறது. ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் அந்தப் பக்கமும் அதே அளவு வோல்ட் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மின்சாரம் எந்தப் பக்கமும் பாயாது, விளக்கு அணைந்துவிடும். கணினி வேண்டாம், சென்சார் வேண்டாம். ஒரு பல்பை இரண்டு இடத்துக்கு நடுவில் வைத்தே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! இப்போதைய கார்களில் இந்த வேலையைக் கணினிதான் செய்கிறது.

கடந்த கோடை விடுமுறையில் என் அண்ணன் தன் பழைய காரின் ஆல்டர்னேட்டரை வீட்டு வாசலிலேயே மாற்றினார். அவருக்கு இந்த வேலை பழக்கம். அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். டார்ச் பிடிப்பதும், கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் ஒரு தட்டில் வைப்பதும் அவள் வேலை. கேள்வி கேட்பதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அண்ணன் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே முழுதாக நிரம்பிய பேட்டரி இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். காட்டியது 12.1. இன்ஜினைக் கிளப்பினார். ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால் எண் 14 வோல்ட்டை ஒட்டி ஏறியிருக்கும். ஏறவில்லை. 11.9, பிறகு 11.8 என்று இறங்கிக்கொண்டே வந்தது. பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா, ஒயர் எங்காவது கழன்றிருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரி. குற்றவாளி ஆல்டர்னேட்டர்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து, இன்ஜின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். ஆல்டர்னேட்டரின் மின்சாரம் எகிறாமல் பிடித்து வைத்திருப்பதில் பேட்டரிக்குப் பெரிய பங்கு உண்டு. திடீரென்று அதைத் துண்டித்தால் வோல்ட் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறி, காரின் கணினியையே சுட்டுவிடக்கூடும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் பத்திரமாகச் சொல்லும் விஷயத்துக்கு இவ்வளவு ஆபத்து எதற்கு?

அண்ணன் இன்ஜினை நிறுத்தி, அது ஆறும்வரை காத்திருந்தார். கை மோதிரத்தைக் கழற்றி வைத்தார். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றத் தொடங்கினார்.

“அப்பா, எதுக்கு முதல்ல கருப்பு ஒயரு? சிவப்பைக் கழட்டினா ஆகாதா?”

“கார் பாடி மொத்தமும் எதோட சேர்ந்திருக்குன்னு பாரு.”

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கருப்பு ஒயரின் மறுமுனை நேராகக் காரின் இரும்பு உடலில் முடுக்கப்பட்டிருந்தது. அதாவது கார் முழுவதுமே மைனஸ். இந்த நிலையில் பிளஸ் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டுவிட்டால், பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்தது மாதிரி ஆகிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கக் காயும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும், ஒரு பொறி பட்டால் அது வெடிக்கும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. பிறகு ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கவலையில்லை. திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மோதிரத்தை ஏன் கழற்றினார் என்பது அவளுக்கு இப்போது தானாகவே புரிந்தது.

மற்றவை சீக்கிரம் நடந்தன. பெல்ட் எப்படி ஓடுகிறது, எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவள் படம் எடுத்து வைத்தாள். ஆல்டர்னேட்டரின் பின்னால் ரப்பர் மூடிக்குள் இருந்த தடித்த ஒயரையும், பிளாஸ்டிக் சாக்கெட்டையும் அண்ணன் எடுத்தார். அந்தக் காரில் ஆல்டர்னேட்டர் கீழே ஒரு நீள போல்ட்டிலும், மேலே நீளத் துளை போட்ட ஒரு பட்டையிலும் நிற்கிறது. மேல் போல்ட்டைத் தளர்த்தி உள்பக்கம் தள்ளியதும் பெல்ட் தளர்ந்து கழன்றது. நீள போல்ட்டையும் உருவியதும் ஆல்டர்னேட்டர் கைக்கு வந்துவிட்டது. அதைக் கையோடு உதிரிபாகக் கடைக்கு எடுத்துப் போய், துளைகளின் இடைவெளி, புல்லி, சாக்கெட், எத்தனை ஆம்பியர் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் புதியதை வாங்கி வந்தார். பழையது வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

அதைப் பிரித்துப் பார்த்தோம். எனக்கு அன்று மிகப் பிடித்த நேரம் இதுதான்.

நான்கு நீள போல்ட்டுகளை எடுத்ததும் கூடு இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு வளையம். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்து, அதன் பள்ளங்களில் செம்புக் கம்பியைத் திணித்துச் சுற்றியிருக்கிறார்கள். இது அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர். ஒரே இரும்புத் துண்டாகச் செய்யாமல் ஏன் தகடு தகடாக அடுக்க வேண்டும்? காந்தம் பக்கத்தில் சுற்றும்போது கம்பியில் மட்டுமல்ல, இரும்புக்குள்ளும் மின்சாரம் சுழலும். அது வீணாக இரும்பைச் சூடாக்கும். தகடுகளாக வெட்டி, இடையில் மின்சாரம் கடத்தாத பூச்சு கொடுத்தால் அந்தச் சுழலுக்கு ஓட வழி கிடைக்காது.

வளையத்துக்குள் சுற்றுவது ரோட்டார். பெல்ட் ஓடும் புல்லி இதன் தண்டில்தான் இருக்கிறது. தண்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள், அதன் இருபுறமும் ஆறு ஆறு இரும்புப் பற்கள். இரு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல அந்தப் பற்கள் ஒன்றுக்கொன்று நடுவில் புகுந்து நிற்கின்றன. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கப் பற்கள் எல்லாம் வடதுருவம், மறுபக்கப் பற்கள் எல்லாம் தென்துருவம். கோத்து நிற்பதால் சுற்றிவரப் பார்த்தால் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று 12 துருவங்கள்.

“சுத்துற சுருளுக்கு எப்படி அத்தை கரண்ட் குடுக்கிறது? ஒயரு முறுக்கிக்காதா?”

சரியான கேள்வி. தண்டின் ஓரத்தில் பளபளவென்று இரண்டு செம்பு வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் மீது இரண்டு கார்பன் துண்டுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் உரசிக்கொண்டே நிற்கும். வளையம் சுற்றினாலும் தொடுதல் விடாது. அண்ணன் கார்பனை எடுத்துக் காட்டினார். புதிதில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் அது, தேய்ந்து தேய்ந்து வளையத்தை எட்டமுடியாத அளவுக்குக் குட்டையாகியிருந்தது. அதில் ஒன்று ஓரத்தில் உடைந்தும் இருந்தது. ரோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. மின்சாரம் இல்லாததால் காந்தம் இல்லை, காந்தம் இல்லாததால் சார்ஜ் இல்லை. இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தப் பார்த்தது, விரல் நுனி அளவு கார்பன்.

காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு? அதைத் தெரிந்துகொள்ள 1831ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும். அங்கே ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் ஃபாரடே வேலை செய்துகொண்டிருந்தார். கொல்லர் ஒருவரின் மகன். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்து அறிவியல் கற்றவர். அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தார். சுருளோடு இணைத்திருந்த கருவியின் முள் துள்ளியது. காந்தத்தை உள்ளே அப்படியே வைத்திருந்தால் முள் திரும்பிவந்து சும்மா நின்றது. வெளியே இழுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளியது. காந்தம் அசையும்போது மட்டும்தான் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது!

அடுத்த ஆண்டே பாரிஸில் இப்போலித் பிக்ஸி என்பவர் கையால் சுற்றும் ஒரு கருவியைச் செய்துவிட்டார். கம்பிச் சுருள் அசையாமல் இருக்க, காந்தம் அதன் அருகே சுற்றும். வடதுருவம் கடக்கும்போது மின்சாரம் ஒரு பக்கமாகவும், தென்துருவம் கடக்கும்போது மறுபக்கமாகவும் ஓடியது. இப்படித் திசை மாறி மாறி ஓடுவதுதான் மாறுதிசை மின்சாரம். நம் வீட்டு மின்சாரமும் விநாடிக்கு 50 சுழற்சி என்று இப்படித்தான் ஓடுகிறது. காரில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 முறை சும்மா சுற்றும்போது, பெல்ட் ஆல்டர்னேட்டரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் 1600. ஒரு சுற்றில் ஆறு ஜோடி துருவங்கள் கடக்கின்றன. 1600ஐ ஆறால் பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு 160 சுழற்சி!

ஆனால் பேட்டரிக்கு மாறி மாறி ஓடும் மின்சாரம் உதவாது. அதற்கு ஒரே திசையில் பாய வேண்டும். ஆல்டர்னேட்டரின் பின்பக்கத் தட்டில் ஆறு டயோடுகள் இருக்கின்றன. டயோடு தன் வழியாக மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும். ஸ்டேட்டரின் மூன்று சுருள்களிலிருந்து வரும் மின்சாரத்தை இந்த ஆறும் சேர்ந்து ஒரே திசைக்குத் திருப்பிவிடுகின்றன. முன்காலத்துக் கார்களில் டயோடு கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. டைனமோதான் இருந்தது. அதில் மொத்த மின்சாரமும் உரசும் கார்பன் வழியாகவே வெளியே வரவேண்டும், அதனால் பொறி பறக்கும், தேய்மானம் அதிகம். இன்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜே ஏறாது. சிலிக்கன் டயோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வேலியண்ட் என்ற காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்றது. இதில் கார்பன் வழியாகப் போவது ரோட்டாருக்கான சில ஆம்பியர் மட்டுமே. பெரிய மின்னோட்டம் அசையாத ஸ்டேட்டரிலிருந்து எந்த உரசலும் இல்லாமல் வருகிறது. நம் ஊரில், சென்னையின் பாடி பகுதியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் இந்த வகைக் கருவிகளைச் செய்கிறது.

இன்ஜின் வேகம் கூடினால் வோல்ட்டும் கூடிக்கொண்டே போகுமே? அதற்குத்தான் ரெகுலேட்டர். வோல்ட் 14ஐத் தாண்டப் பார்த்தால் ரோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். ஏன் 14? பேட்டரியின் 12.6ஐ விட உயரமாக இருந்தால்தான் மின்சாரம் பேட்டரிக்குள் போகும். ரொம்பவும் உயர்ந்துவிட்டால் பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வற்றிவிடும்.

மதியத்துக்குள் புது ஆல்டர்னேட்டர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பெல்ட்டை மாட்டி, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்து, மேல் போல்ட்டை முடுக்கினார் அண்ணன். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். லூசாக இருந்தால் வழுக்கிக் கிறீச்சிடும், ரொம்ப இறுக்கினால் பேரிங் போய்விடும். இன்ஜின் கிளம்பியது. சிவப்பு விளக்கு அணைந்தது. மீட்டரில் 14.2.

“இப்ப ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாத்தையும் போடு, இன்ஜின் சத்தத்தைக் கவனி” என்றார். போட்டாள். இன்ஜின் ஒரு நொடி தொய்ந்து, பிறகு கொஞ்சம் கனத்த குரலில் ஓடத் தொடங்கியது. ஹெட்லைட் இரண்டுக்கும் மட்டும் 110 வாட். மற்றவையும் சேர்ந்து 50 ஆம்பியர் என்றால், 14 வோல்ட்டில் 700 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆல்டர்னேட்டர் தான் வாங்கும் உழைப்பில் பாதிக்குச் சற்று அதிகமானதை மட்டுமே மின்சாரமாக்குகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. கூட்டில் அத்தனை இடைவெளிகள் விட்டிருப்பது அதற்காகத்தான். ஆக, விளக்கு எரிய இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கிறது. மின்சாரத்தை எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு கனமாகிறது அந்த ரோட்டாரைச் சுற்றுவது. சைக்கிளில் டயரை உரசும் டைனமோ இருந்த காலத்தில் இதை எல்லோரும் காலாலேயே உணர்ந்திருந்தார்கள். 3 வாட் விளக்குதான், ஆனாலும் போட்டதும் பெடல் கனக்கும்.

நீங்கள் கையாலேயே உணரலாம். கார் வேலை பெரியவர்களுக்கு உரியது, இது உங்களுக்கு. பழைய பொம்மைக் காரிலிருந்து ஒரு சின்ன மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வேண்டாம். அதன் தண்டில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியை நடுவில் துளையிட்டு மாட்டுங்கள். மோட்டாரின் இரண்டு ஒயர்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். மூடியை விரலால் சுண்டிவிட்டு, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள். அடுத்து இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டு அதே வேகத்தில் சுண்டுங்கள். இந்த முறை சட்டென்று நின்றுவிடும். ஒயர்கள் சேர்ந்ததால் மின்சாரம் ஓட வழி கிடைத்தது, ஓடும் மின்சாரம் சுற்றுவதைத் தடுத்தது.

இன்னொரு மோட்டார் கிடைத்தால் இரண்டின் ஒயர்களையும் ஒன்றோடொன்று இணையுங்கள். ஒன்றின் தண்டில் நூலைச் சுற்றி வேகமாக இழுத்தால் மற்றதன் மூடி அசையும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மோட்டாரின் ஒயர்களை மட்டும் இடம் மாற்றி இணைத்து, மறுபடி இழுத்துப் பாருங்கள்.